பத்தாவது நிமிடத்தில் எத்தனை வாட்?

இன்டெலின் இரண்டு பிராசசர்களைப் பார்ப்போம். ஒன்று ஐ7-1355யு, மெல்லிய லேப்டாப்களில் வருவது. இன்னொன்று ஐ5-13400, டெஸ்க்டாப்பில் மாட்டுவது. இரண்டும் 2023 ஜனவரியில் அறிமுகமானவை, இரண்டும் பதின்மூன்றாம் தலைமுறை, இரண்டிலும் பத்துப் பத்து கோர்கள். உச்ச வேகம் லேப்டாப் சிப்புக்கு 5 கிகாஹெர்ட்ஸ், டெஸ்க்டாப் சிப்புக்கு 4.6. விளம்பரத் தாளை மட்டும் படிக்கிறவர் ஐ7 லேப்டாப்தான் உசத்தி என்று சொல்லிவிடுவார். ஆனால் எல்லாக் கோர்களையும் ஒரே நேரத்தில் வேலை வாங்கும் சினிபெஞ்ச் ஆர்23 சோதனையை ஓட்டினால் ஐ5 டெஸ்க்டாப் ஏறத்தாழ 16,000 எடுக்கும். ஐ7 லேப்டாப், அதைச் செய்த கம்பெனியைப் பொறுத்து, பெரும்பாலும் 7,000-க்கும் 10,000-க்கும் நடுவில் நின்றுவிடும்.

திருச்சி தில்லை நகரில் கம்ப்யூட்டர் விற்பனையும் சர்வீஸும் செய்கிற எனக்கு இந்த வித்தியாசம் அன்றாடப் பிரச்சினை. கல்யாண வீடியோ எடிட்டிங் செய்யும் பையன்கள் நிறையப் பேர் என் கடைக்கு வருவார்கள். முகூர்த்த மாதங்களில் அவர்கள் கண்ணில் தூக்கமே இருக்காது. "அக்கா, ஐ7-னு சொல்லித்தான் வாங்குனேன். பக்கத்து ஸ்டுடியோ அண்ணன் ஐ5 வச்சிருக்காரு. அவருக்கு எக்ஸ்போர்ட் முடிஞ்சு அவர் சாப்பிடப் போயிடுறாரு. எனக்கு இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு. மெஷின்ல ஏதாவது கோளாறா?" கோளாறு இல்லை, தம்பி. உன் லேப்டாப் செய்ய முடிந்ததைச் சரியாகவே செய்கிறது. வாங்கும்போது உனக்கு யாரும் வாட் கணக்கைச் சொல்லவில்லை.

அந்த ஐ7-இன் அடிப்படை மின்சார அளவு 15 வாட். கொஞ்ச நேரத்துக்கு 55 வாட் வரை எகிறலாம். டெஸ்க்டாப் ஐ5-க்கு அடிப்படை 65 வாட், உச்சம் 148. பத்து கோர் என்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. இந்தத் தலைமுறை சிப்களில் பெரிய கோர், சின்னக் கோர் என இரண்டு வகை உண்டு. கனமான வேலையைச் சுமப்பது பெரிய கோர். குறைந்த மின்சாரத்தில் பின்னணி வேலைகளைப் பார்ப்பது சின்னது. லேப்டாப் ஐ7-இல் பெரியவை இரண்டு, சின்னவை எட்டு. டெஸ்க்டாப் ஐ5-இல் பெரியவை ஆறு, சின்னவை நான்கு. கூட்டினால் இரண்டும் பத்து. கடை போர்டில் அந்தக் கூட்டுத்தொகையைத்தான் எழுதுகிறார்கள்.

பிராசசருக்குள் போகும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. 65 வாட் உள்ளே போனால் 65 வாட் வெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும். டெஸ்க்டாப்பில் அதற்கென்று உள்ளங்கையைவிடப் பெரிய அலுமினிய ஹீட்சிங்க், அதன்மேல் 120 மில்லிமீட்டர் ஃபேன், சுற்றிலும் காலியான கேபினட். லேப்டாப்பில் தட்டையான ஒரு செம்புக் குழாய், அதன் நுனியில் மெல்லிய தகடுகள், பக்கத்தில் பிஸ்கட் தடிமனில் ஒரு ஃபேன். இந்த ஏற்பாடு நாள் முழுவதும் எவ்வளவு வெப்பத்தை வெளியே தள்ளும் என்பதுதான் அந்த லேப்டாப்பின் உண்மையான வேகம். சிப்பின் பெயர் அதற்கு அடுத்ததுதான்.

"நாள் முழுவதும்" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வாஷ்பேசினில் குழாயை முழுதாகத் திறந்தால் தொட்டி நிரம்புகிற வரை ஒன்றும் தெரியாது. நிரம்பிவிட்டால், வடிகால் எவ்வளவு இழுக்கிறதோ அந்த அளவுக்குத்தான் குழாயைத் திறந்து வைக்க முடியும். பிராசசரும் அப்படித்தான். வேலை தொடங்கியதும் உச்ச வாட்டில் பாய்கிறது. அந்த வெப்பத்தைச் செம்பும் அலுமினியமும் சற்று நேரம் தாங்கிக்கொள்கின்றன. இன்டெல் லேப்டாப்கள் பலவற்றில் இந்தப் பாய்ச்சலுக்கு வைத்திருக்கும் கணக்கு 28 விநாடி. பிறகு அடிப்படை வாட்டை நோக்கி இறங்கிவிடும். சிப்பின் சூடு 100 டிகிரியைத் தொட்டால் 28 விநாடிகூடக் காத்திருக்காது, அப்போதே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஷோரூமில் நின்று பிரவுசரைத் திறந்து, எக்செலைத் திறந்து, "அடடா, பறக்குதே" என்று சொல்கிறோமே, அதெல்லாம் அந்தப் பாய்ச்சலுக்குள் முடிந்துவிடும் வேலைகள். இரண்டு மணி நேரக் கல்யாண வீடியோவின் எக்ஸ்போர்ட்டில் பாய்ச்சல் முதல் அரை நிமிடம் மட்டுமே.

அப்படியானால் லேப்டாப் சிப் மட்டமானதா? இல்லை. மின்சாரத்துக்கு ஏற்ற பலன் என்று பார்த்தால் அதுதான் கெட்டிக்கார சிப். இதைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு போதும். பிராசசர் தின்னும் மின்சாரம் அதன் வேகத்தோடு நேர்விகிதத்தில் ஏறுகிறது, வோல்டேஜோடு இருமடி விகிதத்தில் ஏறுகிறது. வேகத்தைக் கூட்ட வேண்டுமென்றால் வோல்டேஜையும் கூட்டியாக வேண்டும். இரண்டையும் 20 சதவீதம் கூட்டினால் 1.2-ஐ மூன்று முறை பெருக்க வேண்டும்: 1.73 வருகிறது. 20 சதவீத வேகத்துக்கு 73 சதவீதம் கூடுதல் மின்சாரம். திருப்பிப் போட்டுப் பாருங்கள். இரண்டையும் 20 சதவீதம் குறைத்தால் 0.8-ஐ மூன்று முறை பெருக்கி 0.51. வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தால் மின்சாரம் பாதியாகிவிடுகிறது. லேப்டாப் பிராசசர் என்ற பொருளே இந்தப் பெருக்கலின் மேல்தான் நிற்கிறது.

டெஸ்க்டாப் இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. இன்டெலின் ஐ9-13900கே 253 வாட் வரை குடிக்கும், 5.8 கிகாஹெர்ட்ஸ் வரை ஓடும். அதே சிப்பை 125 வாட்டுக்குள் கட்டி ஓட்டினால் சினிபெஞ்ச் மதிப்பெண்ணில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் குறைகிறது. கடைசி 128 வாட் கொண்டுவருவது அவ்வளவுதான். அதற்காக வோல்டேஜை ஏற்றியதற்குக் கொடுத்த விலையையும் பார்த்தோம். பதின்மூன்றாம், பதினான்காம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள் சில, அளவுக்கு மீறிய வோல்டேஜால் நிலைகுலைகின்றன என்று 2024-இல் இன்டெலே ஒப்புக்கொண்டு, திருத்த மென்பொருள் வெளியிட்டது. வாரண்டியையும் இரண்டு ஆண்டுகள் நீட்டியது. அந்த சிப் வைத்திருப்பவர் யாராவது இன்னும் பயோஸைப் புதுப்பிக்காமல் இருந்தால் தயவுசெய்து இன்றைக்கே செய்துவிடுங்கள்.

லேப்டாப் சிப்பிடம் டெஸ்க்டாப் பாடம் படித்த கதை ஒன்று உண்டு. இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த கதை அது. 2000-களின் தொடக்கத்தில் இன்டெலின் பென்டியம் 4 கோலோச்சியது. கிகாஹெர்ட்ஸ் எண்ணைக் கூட்டிக்கொண்டே போவதுதான் முன்னேற்றம் என்று எல்லோரும் நம்பினார்கள். 3.8 கிகாஹெர்ட்ஸில் ஓடிய பென்டியம் 4-க்கு 115 வாட் தேவைப்பட்டது. அதே நிறுவனத்தில், இஸ்ரேலின் ஹைஃபா நகரத்தில் இருந்த குழு வேறு கேள்வியைக் கேட்டது: ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் வேலை முடித்தால் என்ன? அப்படி வந்ததுதான் பென்டியம் எம், 2003 மார்ச்சில். 1.6 கிகாஹெர்ட்ஸ், 24.5 வாட். அன்றாட வேலைகளில் 2 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓடிய பென்டியம் 4-க்கு அது ஈடுகொடுத்தது. ஆர்வலர்கள் சும்மா இருப்பார்களா? டெஸ்க்டாப் மதர்போர்டில் அந்த லேப்டாப் சிப்பை மாட்டுவதற்கென்றே ஆசுஸ் ஓர் அடாப்டர் போர்டு விற்றது. பென்டியம் 4-இன் வாரிசாக வரவிருந்த டேஹாஸ் என்ற சிப்பை 2004-இல் இன்டெல் கைவிட்டது. 2006-இல் வந்த கோர் 2 டுவோ, டெஸ்க்டாப் சிப்பாக இருந்தும், பென்டியம் எம் காட்டிய வழியில் பிறந்ததுதான். இன்று உங்கள் மேசையில் இருக்கும் இன்டெல் சிப்பின் பூர்விகத்தில் லேப்டாப் ரத்தம் ஓடுகிறது.

2020 நவம்பரில் ஆப்பிள் எம்1 வந்தபோது இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகியது. அதே எம்1 சிப் ஃபேனே இல்லாத மேக்புக் ஏரில் இருந்தது, ஃபேன் உள்ள மேக்புக் ப்ரோவில் இருந்தது, மேசைமேல் வைக்கும் மேக் மினியில் இருந்தது. முதல் சில நிமிடங்களுக்கு எது எது என்றே சொல்ல முடியாது. ரெண்டர் நீண்டால் ஏர் மட்டும் மெதுவாகப் பின்தங்கும். ஒரே சிப்பைக் குளிர்விக்கும் விதம் மட்டும் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சுத்தமான சோதனையை நானே ஏற்பாடு செய்திருக்க முடியாது.

அதே ஆப்பிளுக்கு 2018 ஜூலையில் கசப்பான அனுபவமும் இருந்தது. ஆறு கோர் ஐ9 வைத்த 15 அங்குல மேக்புக் ப்ரோ வெளிவந்தது. ஒரு யூடியூபர் அதில் வீடியோ ரெண்டர் செய்து பார்த்தபோது முந்தைய ஆண்டின் ஐ7 மாடலைவிட மெதுவாக ஓடியது. ஃப்ரீசருக்குள் வைத்து ஓட்டியதும் வேகம் பிடித்துக்கொண்டது. வெப்பத்தை நிர்வகிக்கும் ஃபர்ம்வேரில் ஒரு பகுதி விடுபட்டுப் போனதாக ஆப்பிள் சொல்லி, சில நாட்களில் திருத்தம் வெளியிட்டது. விலை உயர்ந்த சிப்பை வாங்கி, விலை குறைந்ததைவிடக் குறைவான வேகத்தைப் பெற முடியும் என்பது அன்று உலகத்துக்கே தெரிந்தது.

சோதனை எண்களைப் படிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கீக்பெஞ்ச் என்ற சோதனை பல குட்டி வேலைகளை நடுநடுவே இடைவெளி விட்டு ஓட்டுகிறது, அதனால் சிப்புக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். அதில் லேப்டாப்பும் டெஸ்க்டாப்பும் நெருக்கமாகத் தெரியும். சினிபெஞ்ச் ஆர்23 பத்து நிமிடம் இடைவிடாமல் ஓட்டுகிறது. ஒன்று பொய், மற்றது உண்மை என்பதில்லை. டாலியில் வவுச்சர் போடுகிறவருக்கும், ஜிஎஸ்டி தாக்கல் செய்கிற ஆடிட்டர் அலுவலகத்துக்கும் கீக்பெஞ்ச் காட்டுகிற உலகம்தான் உலகம். ஒரு கோர் எவ்வளவு வேகம் என்பதே அங்கே முக்கியம். அதில் அந்த ஐ7 லேப்டாப், ஐ5 டெஸ்க்டாப்புக்குத் துளியும் சளைத்ததில்லை. ஆட்டோகேடில் வீட்டு பிளான் வரைகிறவருக்கும் பெரும்பாலான நேரம் அப்படித்தான். இவர்களிடம் நான் டெஸ்க்டாப்பைத் திணிப்பதில்லை. தூக்கிக்கொண்டு சைட்டுக்குப் போகிற வசதிக்கு விலை இருக்கிறது.

மணிக்கணக்கில் எல்லாக் கோர்களையும் ஓட்டுகிறவர்கள் கதை வேறு. வீடியோ, முப்பரிமாண ரெண்டர், பெரிய மென்பொருளைக் கம்பைல் செய்வது, பொறியியல் சிமுலேஷன். இவர்களுக்கும் லேப்டாப் வேண்டும் என்றால் எச், எச்எக்ஸ் என்று முடியும் சிப்கள் இருக்கின்றன. அங்கேயும் பெயரை நம்பிவிடாதீர்கள். ஐ9-13900எச் என்பதில் 14 கோர், அடிப்படை 45 வாட். ஐ9-13900எச்எக்ஸ் என்பதில் 24 கோர், 55 வாட். டெஸ்க்டாப்பின் ஐ9-13900கே 24 கோர், 125 வாட். மூன்றும் "ஐ9 பதின்மூன்றாம் தலைமுறை" என்றே விற்கப்படுகின்றன. எச்எக்ஸ் என்பது டெஸ்க்டாப் சிப்பையே லேப்டாப்பில் சாலிடர் செய்வதற்கு ஏற்றபடி கட்டியது. வேகம் அபாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த லேப்டாப்பின் கனத்தையும் செங்கல் போன்ற அதன் அடாப்டரையும் சேர்த்துத் தூக்கிப் பாருங்கள், ஃபேன் இரைச்சலை ஒரு மணி நேரம் கேட்டுப் பாருங்கள், பிறகு பணம் கொடுங்கள். கிராபிக்ஸ் கார்டிலும் இதே நாடகம் நடக்கிறது. ஆர்டிஎக்ஸ் 4090 என்ற ஒரே பெயரில் டெஸ்க்டாப் கார்டுக்குள் 16,384 கணிப்பு அலகுகள், லேப்டாப்புக்குள் 9,728. வாங்குகிறவர் இரண்டும் ஒன்று என்று நினைப்பதில் என்ன தவறு? இப்படிப் பெயர் வைப்பது நியாயமில்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

ஏஎம்டி பக்கமும் இது உண்டு. ரைசன் 5 7520யு என்ற லேப்டாப் சிப் 7000 வரிசையில் விற்கப்படுகிறது. உள்ளே இருப்பது 2019-இல் அறிமுகமான ஜென் 2 வடிவமைப்பு, நான்கே கோர். அதே வரிசையின் ரைசன் 5 7640யு-வில் ஜென் 4, ஆறு கோர். அந்த வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் வடிவமைப்பின் தலைமுறையைச் சொல்கிறது. கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு லேப்டாப் வாங்க வரும் அப்பாக்களிடம் இந்த ஒரு இலக்கத்தைக் காட்டிக்கொடுப்பதை நான் கடமையாகவே செய்கிறேன்.

எடிட்டிங் தம்பிகளுக்குத் தனியாக ஒன்று. இன்டெல் டெஸ்க்டாப் சிப்களில் எஃப் என்று முடிபவற்றில் உள்ளே கிராபிக்ஸ் இருக்காது. கொஞ்சம் விலை குறைவு என்று 13400எஃப் வாங்கிவிடுவார்கள். தனியாகக் கிராபிக்ஸ் கார்டு போடும்போது அது எதற்கு என்று கேட்பார்கள். இன்றைய கேமராக்கள் எடுக்கும் 10 பிட், 4:2:2 வகை எச்265 வீடியோவை ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய என்விடியா கார்டுகளால் நேரடியாகப் பிரித்துக் காட்ட முடியாது. இன்டெல் சிப்புக்குள் இருக்கும் குவிக் சிங்க் என்ற பகுதி அதைச் சிரமமில்லாமல் செய்கிறது. எஃப் இல்லாத சாதாரண 13400 வைத்தவர் டைம்லைன் வழுக்கிக்கொண்டு ஓடும், அதைவிட விலை கூடின வேறொரு எஃப் சிப் வைத்தவர் டைம்லைன் திக்கும். மெல்லிய இன்டெல் லேப்டாப்கள்கூட எடிட்டிங்கில் சில இடங்களில் ஆச்சரியப்படுத்துவதற்குக் காரணம் இதே குவிக் சிங்க்தான். கட் செய்வது வரை சுகமாகப் போகும். எஃபெக்ட், கலர், நாய்ஸ் குறைப்பு எல்லாம் ஏற்றி எக்ஸ்போர்ட் கொடுத்தால்தான் வாட் கணக்கு எட்டிப் பார்க்கும்.

வெளிநாட்டு விமர்சனங்களில் வரும் எண்களை அப்படியே நம் ஊருக்குப் பொருத்த முடியாது. வெப்பம் வெளியேறும் அளவு சிப்புக்கும் அறைக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தைப் பொறுத்தது. 25 டிகிரி அறையில் 100 டிகிரி சிப்புக்கு 75 டிகிரி இடைவெளி இருக்கிறது. ஏசி இல்லாத திருச்சிக் கடையில், மே மாதத்து 40 டிகிரியில், அது 60 ஆகிவிடும். அதே ஹீட்சிங்க், அதே ஃபேன், ஆனால் வெளியேற்றும் திறனில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. டெஸ்க்டாப்பில் இதற்கு இடம் விட்டுக் கட்டலாம், பெரிய கூலர் போடலாம். லேப்டாப்பில் ஏற்கெனவே ஒட்ட ஒட்டத்தான் கணக்குப் போட்டிருப்பார்கள். அதனால்தான் கோடை வந்தால் "திடீர்னு ஸ்லோவாயிடுச்சு" என்று லேப்டாப்கள் வரிசையாக வருகின்றன. திறந்து பார்த்தால் ஃபேனுக்கும் தகட்டுக்கும் நடுவில் தூசி கம்பளிபோல் படிந்திருக்கும். சாமி படத்துக்குக் கீழே மேசை போட்ட கடைகளிலிருந்து வருவதில் சாம்பிராணிப் புகையின் பிசுக்கும் சேர்ந்திருக்கும். மெத்தைமேல் வைத்துப் படம் பார்க்கும் பிள்ளைகள் காற்று போகும் வழியையே அடைத்துவிடுகிறார்கள். சுத்தம் செய்து தெர்மல் பேஸ்ட் மாற்றினால் பழைய வேகம் பெரும்பாலும் திரும்பிவிடும்.

சார்ஜரும் வேகத்தைத் திருடும். 135 வாட் சார்ஜர் தொலைந்துபோய், கிடைத்த 65 வாட் டைப்-சி சார்ஜரை மாட்டினால் லேப்டாப் அந்த 65 வாட்டுக்குள் குடும்பம் நடத்தும். விண்டோஸ் லேப்டாப் பலவற்றைப் பேட்டரியில் ஓட்டினாலும் வேகம் இறங்கும்.

லேப்டாப் வாங்கப் போகிறவர் கடையில் கேட்க வேண்டியது இதுதான்: கனமான வேலையில், பத்தாவது நிமிடத்தில், இந்தக் குறிப்பிட்ட மாடல் எத்தனை வாட்டில் நிற்கிறது? விற்கிறவருக்குத் தெரியாமல் இருக்கலாம், அது அவர் குற்றமில்லை. நல்ல விமர்சனங்களில் அதை வரைபடமாகவே போடுகிறார்கள். வாங்கிய பிறகும் சோதிக்கலாம். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் சிபியு பேக்கேஜ் பவர் என்ற வரியைத் திறந்து வைத்துக்கொண்டு சினிபெஞ்சைப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். தொடக்கத்தில் 50-ஐக் காட்டிய எண் 17-இல் வந்து நின்றால் உங்கள் பிராசசர் 17 வாட் பிராசசர். ஒரே ஐ7 சிப்பை ஒரு கம்பெனி 15 வாட்டிலும் இன்னொரு கம்பெனி 28 வாட்டிலும் நிறுத்தும். எண்ணைப் பார்க்காமல் இரண்டையும் வேறுபடுத்த வழியே இல்லை.

டெஸ்க்டாப்பில் எனக்குப் பிடித்தது, தவறான தேர்வைக்கூடத் திருத்திக்கொள்ள இடம் தருவது. லேப்டாப் பிராசசர் மதர்போர்டோடு சாலிடர் செய்யப்பட்டு வருகிறது, வாங்கிய அன்று எதுவோ கடைசிவரை அதுவேதான். டெஸ்க்டாப் சிப் சாக்கெட்டில் உட்காருகிறது. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் முதல் ரைசன் 2017 மார்ச்சில் வந்தது. 2022 ஏப்ரலில் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டியும் அதே சாக்கெட்டுக்குத்தான். ஆறு கோர் ரைசன் 5 1600 வைத்திருந்த ஓர் ஆல்பம் டிசைன் அலுவலகத்தில் மதர்போர்டையோ ரேமையோ எஸ்எம்பிஎஸ்ஸையோ தொடாமல், பயோஸை மட்டும் புதுப்பித்து ரைசன் 5 5600 மாட்டிக்கொடுத்தேன். இதுவும் ஆறு கோர், இதற்கும் 65 வாட்தான், ஆனால் ஒவ்வொரு கோரும் மூன்று தலைமுறை முன்னேறியது. மதியம் தொடங்கிய வேலை டீ நேரத்துக்குள் முடிந்துவிட்டது. கழற்றிய 1600-ஐ, பழைய போர்டு ஒன்றை வைத்துக்கொண்டு சிப் இல்லாமல் உட்கார்ந்திருந்த ஒரு பாலிடெக்னிக் மாணவன் வாங்கிக்கொண்டு போனான்.